ஏஜென்சி, முற்பணம், பூட்டிய கதவு: நவீன அடிமைமுறை பற்றி யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டில் சிக்கிக்கொண்ட மகளுக்காக, மனைவிக்காக, தம்பிக்காக முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக் கொடுக்கும் வேலையை யாழ்ப்பாணத்தில் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. தமிழிலும் ஓரளவு சிங்களத்திலும் எழுதத் தெரியும், அவ்வளவுதான். கடிதம் எழுத வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. சில கேள்விகளை அவர்கள் கேட்கவில்லை, அவர்களைப் பற்றி ஊர் கேட்டது. அவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

அடிமைமுறை எப்போதோ ஒழிந்துவிட்டதே, இப்போது ஏன் அந்தப் பெரிய சொல்?

சட்டத்தில் ஒழிந்தது 1844இல். அந்த ஆண்டு வந்த 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கை முழுவதும் அடிமைமுறையை ரத்துச் செய்தது. அதுவரை யாழ்ப்பாணத்தில் அது ஒளித்துச் செய்த காரியமே இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுத்த தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டத்தில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. காணி உறுதி முடிக்கும்போதும் சீதனம் பிரிக்கும்போதும் இன்றைக்கும் நாம் வாயில் எடுக்கிறோமே, அதே தேசவழமைதான். கோவியர், நளவர், பள்ளர் என்று பிறப்பை வைத்தே மனிதரை இன்னொருவரின் சொத்தாக எழுதினார்கள். 1806இலும் 1818இலும் பிரித்தானிய அரசு அவர்களைப் பதிவேட்டில் ஏற்றியது. இதையெல்லாம் மறந்துவிட்டு 'அடிமை' என்றால் ஆபிரிக்காக் கதை என்று நினைப்பதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது.

இன்றைக்கு யாரும் பதிவேட்டில் எழுதி மனிதரை வைத்திருக்க முடியாது. ஆனால் பாஸ்போர்ட்டைப் பறித்து, கடனைக் காட்டி, கதவைப் பூட்டி, அடிப்பேன் என்று மிரட்டி வேலை வாங்க முடிகிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பும் அதனோடு சேர்ந்த அமைப்புகளும் 2021ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்துக் கணித்ததில், உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேர் இப்படி இருக்கிறார்கள். அதில் சுமார் 2 கோடி 80 லட்சம் பேர் கட்டாய உழைப்பில், மற்றவர்கள் கட்டாயத் திருமணத்தில். சொல் பெரிதுதான். நடப்பதும் அந்தச் சொல்லின் அளவுக்குப் பெரிதாக இருக்கிறது.

கஷ்டமான வேலைக்கும் அடிமை வேலைக்கும் என்ன வித்தியாசம்?

விட்டுவிட்டுப் போக முடியுமா என்பதுதான் வித்தியாசம். சம்பளம் குறைவு, வெயில், முதலாளியின் வாய் சரியில்லை, இதெல்லாம் சுரண்டல். கண்டிக்க வேண்டியது, தொழில் திணைக்களத்துக்குப் போக வேண்டியது. ஆனால் நாளைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டில் படுத்திருக்க முடியுமென்றால் அது அடிமைத்தனம் இல்லை.

கரையோரத்தில் சம்மாட்டியிடம், அதாவது வள்ளத்துக்குச் சொந்தக்காரரிடம், முற்பணம் வாங்கி, பிடித்த மீனை அவருக்கே கொடுக்கிற வழக்கம் நமக்குத் தெரியும். அந்தக் கடனை வேறு இடத்தில் புரட்டிக் கட்டிவிட்டு விலகலாம் என்றால் அது கடன். கணக்கைக் காட்டாமல், வட்டிக்கு மேல் வட்டி ஏற்றி, "கடன் முடியும் வரைக்கும் நீ என் வள்ளத்தை விட்டு இறங்க ஏலாது, உன் மகனையும் அனுப்பு" என்று வந்தால் அது கடன் அடிமைத்தனம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 358அ பிரிவு அதைக் குற்றம் என்கிறது.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு இதைக் கண்டுபிடிக்க 11 அடையாளங்கள் வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் இங்கே எழுதவில்லை. என்னிடம் வருகிற கதைகளில் மாறாமல் வருபவை நான்குதான்: சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை வேறு. பாஸ்போர்ட் அவர்கள் கையில். சம்பளம் "பிறகு சேர்த்துத் தருவோம்". வெளியே போகவும் போன் பேசவும் தடை.

அவளே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுத்தானே போனாள்?

ஊர் கேட்கிற கேள்வி இது. ஒரு சம்பவம் சொல்கிறேன். வளைகுடாவில் இருந்து திரும்பி வந்த ஓர் அக்கா, கடைப் பை ஒன்றுக்குள் நான்காக மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. விமானம் ஏறுவதற்கு முதல்நாள் இரவு, கொழும்பில் ஏஜென்சி தங்கவைத்த அறையில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். தாள் முழுக்க அரபு. ஐந்து சந்திப் பக்கம் அரபு தெரிந்த மௌலவி ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒரு தடவை வாசித்தார், பிறகு விரலை வைத்து மறுபடி வாசித்தார். சம்பளம் என்று எழுதியிருந்த தொகை, ஏஜென்சி தமிழில் சொன்னதில் முக்கால் பங்கு கூட இல்லை. அக்கா கேட்டார்: "அப்ப நான் என்னத்துக்கு ஓம் எண்டு கையெழுத்து வைச்சனான் ஐயா?" மௌலவியால் பதில் சொல்ல முடியவில்லை.

ஏமாற்றி வாங்கிய சம்மதம் சம்மதம் ஆகாது. ஆட்கடத்தலுக்கு எதிரான பலெர்மோ நெறிமுறை இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஏமாற்றோ மிரட்டலோ பலாத்காரமோ இருந்தால் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. இலங்கை அதில் 2000 டிசம்பரில் கையெழுத்திட்டது. ஏற்று உறுதிப்படுத்தியதோ 2015 ஜூனில். பதினான்கரை வருடம்.

இன்னொன்றும் இருக்கிறது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் குடும்பத்துக்கு ஏஜென்சி முன்கூட்டியே பணம் கொடுக்கும். நுண்கடன் வாராவாரம் கழுத்தை நெரிக்கிற வீட்டில் அந்தப் பணம் தெய்வம் கொடுத்த மாதிரி இருக்கும். அங்கே அடி விழுந்து, "என்னைத் திருப்பி எடுங்கோ" என்று அவள் அழும்போதுதான் அதே ஏஜென்சி, "அப்படியென்றால் கொடுத்ததைத் திருப்பிக் கட்டுங்கள்" என்கிறது. அந்தப் பணம் நுண்கடனுக்குப் போய் எத்தனையோ நாளாகியிருக்கும். பழைய காலத்தில் இதற்குப் பெயர் விலை.

வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் எந்த இடத்தில் மாட்டுகிறார்கள்?

ஊரில் தொடங்குகிறது. அனுமதிப்பத்திரம் ஏஜென்சிக்குத்தான். ஊருக்குள் வந்து, முற்றத்தில் கதிரை போட்டு இருந்து, "அக்கா, நான் பொறுப்பு" என்று சொல்கிற சப் ஏஜென்டுக்கு எந்தப் பத்திரமும் இல்லை. பெரும்பாலும் தெரிந்த ஆள், சிலவேளை சொந்தக்காரர். பிரச்சினை வந்ததும் அவருடைய போன் வேலை செய்யாது.

அடுத்தது விசா. வேலைக்கு என்று சொல்லிவிட்டு விசிட் விசாவில் டுபாய்க்கு ஏற்றி, அங்கிருந்து வேறு நாட்டுக்குத் தள்ளுவது பல வருடமாக நடக்கிறது. 2022 நவம்பரில் ஓமான் விவகாரம் வெளியே வந்தபோது நாடு அதிர்ந்தது. அப்படிப் போன பெண்கள் விற்கப்பட்டதாக முறைப்பாடு எழுந்தது. பலர் மஸ்கட்டில் தூதரகத்தின் பாதுகாப்பு இல்லத்தில் முடங்கிக் கிடந்தார்கள். அந்த விசாரணையில் கைதானவர்களில் ஒருவர், தொழிலாளர் நலனைக் கவனிப்பதற்காகவே அந்தத் தூதரகத்துக்கு அனுப்பப்பட்ட அதிகாரி.

அதற்கு மேல் கஃபாலா. வளைகுடாவிலும் லெபனானிலும் ஜோர்தானிலும் வேலை செய்பவரின் விசா ஒரு முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும். அந்த முதலாளியின் வீட்டை விட்டு ஓடினால் ஓடிய நிமிடத்தில் அவள் குற்றவாளி. அடித்தவர் முதலாளி, பொலிஸ் தேடுவது அடிவாங்கியவளை. குவைத் மாதிரிச் சில நாடுகள் சட்டத்தை மாற்றியிருக்கின்றன. அங்கே 2015இல் வந்த சட்டத்தில் வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் நாளுக்கு 12 மணி நேர எல்லையும் இருக்கின்றன. ஆனால் பூட்டிய வீட்டுக்குள் இருப்பவளுக்கு அந்தச் சட்டத்தை யார் போய்ச் சொல்வது?

மூதூர் ரிசானா நஃபீக்கை மறக்க வேண்டாம். 2005இல் 17 வயதில் சவூதிக்கு அனுப்பினார்கள், பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டிக் காட்டி. வேலைக்குப் போன சில வாரங்களில் அவளிடம் விட்டிருந்த கைக்குழந்தை இறந்தது, பழி அவள்மேல் விழுந்தது. 2013 ஜனவரி 9ஆம் தேதி தலையை வெட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய ஒரு தமிழ் பேசும் பிள்ளை, இலங்கை அரசு கொடுத்த பாஸ்போர்ட்டில்தான், இலங்கை விமான நிலையத்தைத் தாண்டித்தான் போனாள்.

பிரான்சுக்கு என்று போன பெடியன் எப்படி ரஷ்யாவின் போர்முனையில் நிற்கிறான்?

"ரஷ்யா வழியாகப் போனால் சுகம், கொஞ்ச நாள் நின்று தாண்டலாம்" என்றுதான் தொடங்குகிறது. காணியை ஈடு வைத்து, அம்மாவின் தாலிக்கொடியை விற்று, பல லட்சம் கொடுத்துப் போகிறார்கள். அங்கே போனதும் ரஷ்ய மொழியில் ஒரு தாள். கையெழுத்துப் போட்டதும் சீருடை. 2024இல் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் இதைப் பகிரங்கமாகச் சொல்லத் தொடங்கின. தெற்கில் இருந்து முன்னாள் இராணுவத்தினரையும் நல்ல சம்பளம், குடியுரிமை என்று ஆசை காட்டிக் கூட்டிப் போயிருந்தார்கள். 2025 பெப்ரவரியில் வெளிநாட்டமைச்சர் விஜித ஹேரத் பாராளுமன்றத்தில் சொன்ன கணக்கு: ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்ட இலங்கையர் 554 பேர், இறந்தது உறுதியானவர்கள் 59 பேர்.

கடற்கரைப் பக்கத்து அம்மா ஒருவர் தன் போனைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்திருந்தார், உப்புக் காற்றில் பழுதாகிவிடக் கூடாது என்று. அதில் மகனின் குரல் 11 செக்கன். "நான் சுகமா இருக்கிறன் அம்மா, யோசிக்காதேங்கோ." பின்னால் ஏதோ 'டம்' என்று கேட்கிறது. அம்மா கேட்டது அந்தச் சத்தம் எவ்வளவு தூரத்தில் என்றுதான். எங்கள் வயதில் உள்ளவர்களுக்கு ஷெல் சத்தத்தின் தூரம் தெரியும். நான் தெரியவில்லை என்று சொன்னேன்.

இந்த மண்ணில் பிள்ளைகளைப் பிடித்துப் போர்முனைக்கு அனுப்பிய காலத்தை நாம் கண்டிருக்கிறோம். 2006இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது கடன் அடிமைத்தனம், கட்டாய உழைப்பு ஆகியவற்றோடு சிறுவரைப் போருக்குச் சேர்ப்பதையும் ஒரே பிரிவில் வைத்தார்கள். ஏன் அப்படி வைத்தார்கள் என்று நமக்கு விளக்கத் தேவையில்லை.

தாய்லாந்தில் 'கம்ப்யூட்டர் வேலை' என்கிறார்களே?

விளம்பரம் பேஸ்புக்கில், நேர்முகம் வாட்ஸ்அப்பில், டிக்கெட் அவர்களே போடுவார்கள். பாங்கொக்கில் இறங்கியதும் வாகனத்தில் ஏற்றி, எல்லை ஆற்றைத் தாண்டி மியன்மாரின் மியாவடிப் பகுதிக்குக் கொண்டுபோவார்கள். மதிலும் ஆயுதக் காவலும் உள்ள கட்டடம். அங்கே வேலை, இணையத்தில் அழகான பெண்ணாகவோ முதலீட்டாளராகவோ நடித்து வெளிநாட்டவரின் பணத்தைப் பறிப்பது. இலக்கு எட்டாவிட்டால் அடி, மின்சார அதிர்ச்சி, பட்டினி. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஓகஸ்டில் சொன்னது: மியன்மாரில் குறைந்தது 120,000 பேர், கம்போடியாவில் சுமார் 100,000 பேர் இப்படி வைக்கப்பட்டிருக்கலாம். மியாவடியில் இருந்து இலங்கை இளைஞர்களும் கட்டம் கட்டமாக மீட்கப்பட்டிருக்கிறார்கள்.

ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் தெரிந்த, ஏ.எல். முடித்த பிள்ளைகள்தான் இதற்கு இலக்கு. "படிச்ச பிள்ளை ஏமாற மாட்டான்" என்று இருந்துவிடாதீர்கள்.

கப்பலில் கனடா போவதும் ஆட்கடத்தலா?

இரண்டும் வேறு. ஒருவர் காசு வாங்கிக்கொண்டு எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டால் அது சட்டவிரோதமாக ஆட்களை அனுப்புவது. போய்ச் சேர்ந்ததோடு உறவு முடிகிறது. ஆட்கடத்தல் என்பது ஒருவரைச் சுரண்டுவதற்காகக் கொண்டுபோவது. எல்லை தாண்டவே தேவையில்லை, மலையகத்து டயகமவில் இருந்து நல்லூருக்குக் கொண்டுவந்தாலும் அது ஆட்கடத்தல் ஆகலாம். ஒன்று மற்றதாக மாறுவது மிகச் சுலபம். 2022 நவம்பரில் கனடாக் கனவோடு போய் நடுக்கடலில் தத்தளித்த 303 பேரை ஜப்பானியக் கப்பல் ஒன்று மீட்டு வியட்நாமில் இறக்கியது. அதில் பெரும்பாலானோர் நம்மவர்கள். கடன் வாங்கிப் போன ஒருவர் அப்படி நடுவழியில் கைவிடப்படும்போது, அடுத்து வந்து கை நீட்டுகிறவன் என்ன சொன்னாலும் கேட்கிற நிலையில்தான் இருப்பார்.

மலையகப் பிள்ளை ஒன்றை வீட்டில் வைத்துச் சோறு போட்டு வளர்க்கிறோம். அதுவும் தவறா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நல்ல மனிதர்கள். கோயிலுக்குக் கொடுப்பவர்கள், இடம்பெயர்ந்த காலத்தில் ஊரே தங்க இடம் கொடுத்தவர்கள். அதனால் கோபப்படாமல் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நல்லூர்த் திருவிழா நேரம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். காலை ஏழு மணி. கேற்றைத் திறந்தது பதின்மூன்று வயது மதிக்கத்தக்க பிள்ளை. கையில் ஒரு புத்தகப் பையும் தண்ணீர்ப் போத்தலும். பள்ளிக்கூடம் போகிறாளாக்கும் என்று நினைத்தேன். பின்னால் வெள்ளைச் சீருடையோடு அந்த வீட்டு மகள் வந்தாள், அதே வயது, அதே உயரம். வான் வந்ததும் அந்தப் பிள்ளை பையை உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, "போயிட்டு வாங்க பாப்பா" என்றது. பிறகு முற்றம் கூட்டத் தொடங்கியது. நான் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது என் மனதை அறுக்கிறது.

சட்டம் சொல்வது இது: 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். வேலைக்கு வைக்கும் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆகியது. 18 வயதுக்குட்பட்டோர் செய்யக் கூடாத ஆபத்தான வேலைகளின் பட்டியலில் வீட்டு வேலையையும் அந்த ஆண்டு சேர்த்தார்கள். அதற்கு முன் 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி ஒருத்தி கொழும்பில் அரசியல்வாதி ஒருவரின் வீட்டில் வேலை செய்தபோது தீக்காயங்களோடு மருத்துவமனையில் இறந்திருந்தாள். நாடு அப்போது விழித்தது, கொஞ்ச நாள்.

சோறு போடுவது வளர்ப்பது ஆகாது. வளர்க்கிறீர்கள் என்றால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும், தாயோடு வேண்டியபோது பேசட்டும், ஊருக்குப் போக வேண்டும் என்றால் போகட்டும். இது மூன்றும் இல்லையென்றால் பிள்ளை உங்களிடம் வளரவில்லை, வேலை செய்கிறது. பக்கத்து வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் 1929க்கு அழையுங்கள். அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

அரசிடம் இதற்குச் சட்டமே இல்லையா?

இருக்கிறது, போதிய அளவுக்கு இருக்கிறது. 2006இல் திருத்திய தண்டனைச் சட்டக்கோவை 360இ பிரிவின்படி ஆட்கடத்தலுக்கு 2 வருடம் முதல் 20 வருடம் வரை சிறை. சிறுவர் என்றால் குறைந்தது 3 வருடம். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், அதாவது நாங்கள் 'பியூரோ' என்பது, அமைக்கப்பட்டது. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது, 2023இல் அதற்குப் பதிலாகப் புதியது வந்தது. ஆட்கடத்தலுக்கு எதிரான தேசியச் செயலணி 2010இலிருந்து இருக்கிறது. தட்டுப்பாடு சட்டத்தில் இல்லை.

பிறகு ஏன் தடுக்க முடியவில்லை?

நான் கண்டதைச் சொல்கிறேன். முறைப்பாடு கொடுக்கப் போகிறவரிடம் அரசு கேட்கும் முதல் கேள்வி "என்ன நடந்தது?" என்று இருக்க வேண்டும். கேட்பதோ "பியூரோவில் பதிந்தா போனது?" பதியாமல் போயிருந்தால் அந்த இடத்திலேயே பாதிக் கதவு சாத்திவிடும். ஆனால் கடத்துகிறவன் செய்வதே பதியாமல் கூட்டிப் போவதுதான். அவன் செய்த குற்றத்தையே அவள் தகுதியின்மை ஆக்கிவிடுகிறார்கள்.

அடுத்து, முறைப்பாடு சமரசமாகக் கரைந்துவிடும். ஏஜென்சியைக் கூப்பிடுவார்கள், டிக்கெட் காசோ கொஞ்சச் சம்பளமோ வாங்கிக் கொடுப்பார்கள், கோப்பு மூடப்படும். கடனில் மூழ்கிய குடும்பம் அதை வாங்கிக்கொண்டுதான் போகும், யார் குறை சொல்ல முடியும்? வழக்கு என்று போனாலும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆள் சேர்த்தது, பண மோசடி என்ற சிறிய குற்றச்சாட்டுகளில்தான் பெரும்பாலும் போகிறது. 20 வருடச் சிறைக்குரிய பிரிவில் குற்றவாளியாகக் காணப்படுகிறவர்கள் வருடத்துக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். தண்டப் பணம் கட்டிவிட்டு அடுத்த மாதம் இன்னொரு முற்றத்தில் கதிரை போடுகிறார்கள்.

மொழி ஒரு சுவர். வடக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. ஆனால் ஒரு பொலிஸ் நிலையத்தில் ஒரு தாயின் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, "சைன் பண்ணுங்கோ" என்றார்கள். நான் வாசித்துப் பார்த்தேன். 'ஏமாற்றிக் கூட்டிச் சென்றார்' என்று அவர் சொன்னது 'வேலைக்காகச் சென்றார்' என்று இருந்தது. ஒரு சொல்தான். அந்தச் சொல்லில் வழக்கே போய்விடும். திருத்த வைக்க மதியம் வரை நின்றோம். என்னைப் போல் ஒருவர் கூட வராத தாய்மார் எத்தனை பேர்?

இதற்கெல்லாம் அடியில் டொலர் இருக்கிறது. 2022இல் நாடு வங்குரோத்து ஆனபோது பெற்றோலுக்கும் மருந்துக்கும் காசில்லை. அந்த ஆண்டு வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் 3 லட்சத்துக்கு மேல். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் குறைந்த வயதை எல்லா நாடுகளுக்கும் 21 ஆக்கினார்கள், சவூதிக்கு முன்பு 25ஆக இருந்தது. 2024இல் வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பியது சுமார் 657 கோடி டொலர். நாட்டைத் தாங்கியது அந்தப் பணம். தூதரகத்தில் தமிழ் பேசும் ஓர் அதிகாரியை வைக்கவும், திரும்பி வருபவளுக்கு ஒரு மனநல ஆலோசகரை அமர்த்தவும் அதில் எத்தனை சதம் தேவைப்படும்? அனுப்புவதற்கு இலக்கு வைக்கிற அரசு, மீட்பதற்கு இலக்கு வைத்து நான் பார்க்கவில்லை.

பெண்கள் போகக் கூடாது என்று தடை போட்டால் என்ன?

போட்டுப் பார்த்தாயிற்று. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்து, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் போக முடியாது என்றார்கள். தகப்பனுக்கு அப்படி ஒரு கேள்வி இல்லை. 2022இல் அதை 2 வயதாகக் குறைத்தார்கள். நடந்தது என்ன? அறிக்கை கிடைக்காத பெண்கள் விசிட் விசாவில் போனார்கள். கணவனை யுத்தத்தில் இழந்து பிள்ளைகளோடு நிற்கிற பெண்ணுக்கு, அறிக்கை கிடைக்கவில்லை என்பதால் பசி நிற்காது. தடை அவளைச் சட்டத்தின் பாதையில் இருந்து சப் ஏஜென்டின் பாதைக்குத் தள்ளியது. ஊரில் உழைத்துப் பிழைக்க வழி இருந்தால் பாதிப் பேர் போகவே மாட்டார்கள்.

பொலிசுக்குப் போனால் நாங்களே மாட்டுவோமா?

பயம் நியாயமானது. களவாக எல்லை தாண்டியது குடிவரவுச் சட்டப்படி குற்றம்தான். பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களை 1841ஆம் ஆண்டு அலைந்து திரிவோர் சட்டத்தில் பிடித்த காலமும் உண்டு, அடிமை ஒழிப்புச் சட்டத்தை விட மூன்று வயது மூத்த சட்டம் அது. ஆனாலும் கடத்தப்பட்டவர் பாதிக்கப்பட்டவர்தான், அதைச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. தனியாகப் போகாதீர்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். ஏற்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போங்கள், அவசர இலக்கம் 1996.

போவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

1989க்கு, அதாவது பியூரோவின் இலக்கத்துக்கு, அழைத்து, ஏஜென்சியின் அனுமதிப்பத்திர இலக்கத்தைச் சொல்லி, அது நடப்பில் இருக்கிறதா, அந்த வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைக்கென ஓர் உத்தியோகத்தர் இருப்பார், அவரையும் பாருங்கள். விசிட் விசா என்றால் அந்த நிமிடமே நிறுத்துங்கள், "போய் மாத்தலாம்" என்ற பேச்சைக் கேட்காதீர்கள். ஒப்பந்தம் தமிழில் வேண்டும். காசு கொடுத்தால் பற்றுச்சீட்டு. பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டில் இரண்டு பேரின் போனில் வைத்துவிடுங்கள். ஒரு தொலைபேசி இலக்கத்தை மனப்பாடம் செய்ய வையுங்கள். திரும்பி வந்த ஒரு பெண், அம்மாவின் இலக்கத்தை உள்பாவாடைக் கரையில் நூலால் தைத்துக்கொண்டு போனதாகச் சொன்னார். போனைப் பறித்தார்கள், பாவாடையைப் பறிக்கவில்லை.

அங்கிருந்து அழுதுகொண்டு அழைப்பு வந்தால்?

முதலில் இடம். வீட்டு இலக்கம் தெரியாவிட்டாலும் ஜன்னலால் தெரியும் கடை, பள்ளிவாசல், வாகனத் தகடு, எதையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். எந்த நாள், எத்தனை மணி, என்ன சொன்னாள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள், பிறகு வழக்குக்கு அதுதான் கைகொடுக்கும். 1989, பணியகத்தின் யாழ்ப்பாண அலுவலகம், மாவட்ட செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டமைச்சின் பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம், மூன்றுக்கும் எழுத்தில் கொடுத்து, ஒவ்வொன்றிலும் பிரதியில் முத்திரை வாங்குங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையா, மறுபடி போங்கள். வெட்கப்பட வேண்டாம். எனக்குத் தெரிந்து பிள்ளை திரும்பி வந்த குடும்பங்கள் எல்லாம் ஓயாமல் போன குடும்பங்கள்.

திரும்பி வந்தவரிடம் என்ன பேசுவது?

"எவ்வளவு கொண்டுவந்தாய்?" என்று கேட்காதீர்கள். "அங்க என்னவாம் நடந்தது?" என்று அயலில் விசாரிக்காதீர்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகளைப் பற்றி. மதிலுக்கு அப்பால் இருந்து வரும் அந்தப் பேச்சுக்குப் பயந்தே வாய் திறக்காமல் போன வழக்குகள் உண்டு. பேச விரும்பினால் பேசட்டும், விரும்பாவிட்டால் பக்கத்தில் இருங்கள். நித்திரை இல்லை, பதறி எழும்புகிறார் என்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

அந்த அரபுத் தாள் கொண்டுவந்த அக்கா இப்போது தன் வீட்டிலேயே இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். விடிய மூன்று மணிக்கு எழும்புகிறார். அங்கேயும் அதே நேரத்துக்குத்தான் எழுப்புவார்களாம். போன மாதம் போனபோது பார்த்தேன், வீட்டின் எந்தக் கதவிலும் தாழ்ப்பாள் இல்லை. கழற்றி எடுத்துவிட்டாராம். முன்கதவை மட்டும் இரவில் ஒரு கல் வைத்துச் சாத்துகிறார்கள்.